சிறு பண்ணையில் ஆடுகளின் குணமறிந்து வளர்க்கும் முறை

நூற்றுக்கணக்கான ஆடுகள் நிற்கும் பெரிய பண்ணையில் காதுத் தோட்டின் எண்ணையும் எடைக் குறிப்பையும் கொண்டுதான் ஓர் ஆட்டை இனங்காண முடியும். ஐந்து முதல் இருபது வெள்ளாடுகள் வரை வைத்திருக்கும் குடும்பப் பண்ணைக்கோ, ஒவ்வோர் ஆட்டையும் அதன் குணத்தால் அறிந்துகொள்ளும் வாய்ப்பு இருக்கிறது. எது முந்திக்கொண்டு வரும், எது ஒதுங்கி நிற்கும், எது தாழ்ப்பாளை நோண்டும், எது ஆள் தொட்டால் மிரளும் என்பதை வீட்டில் ஆடு பார்க்கும் அனைவரும் தெரிந்து வைத்திருந்தால், தீவனம் எல்லா வயிற்றுக்கும் போய்ச் சேரும். மருந்து கொடுப்பதும் குளம்பு வெட்டுவதும் மல்லுக்கட்டு இல்லாமல் முடியும். எல்லாவற்றுக்கும் மேலாக, நோய் முற்றுவதற்கு முன்பே கண்ணில் படும். குணமறிவது ஆடு வளர்ப்பின் அடிப்படை வேலைகளில் ஒன்று என்பதே என் உறுதியான கருத்து. அதை எப்படிச் செய்வது என்பதை இங்கே சொல்கிறேன்.

பார்ப்பதற்குரிய நேரங்கள்

ஆட்டின் குணம் நாள் முழுவதும் ஒரே அளவில் வெளிப்படுவதில்லை. காலையில் கொட்டிலைத் திறக்கும் வேளை, தீவனம் வைத்த முதல் பத்து நிமிடம், மேய்ந்து திரும்பி அசை போடும் ஓய்வு நேரம் ஆகிய மூன்றும் கவனிப்பதற்கு மிகவும் உகந்தவை. கொட்டில் திறந்ததும் ஆடுகள் வெளியேறும் வரிசை பெரும்பாலும் நாளுக்கு நாள் மாறாமல் இருக்கும். அந்த வரிசையை இரண்டு மூன்று வாரங்கள் ஒரு நோட்டில் எழுதி வந்தாலே மந்தையின் அமைப்பில் பாதி விளங்கிவிடும். ஓய்வு நேரத்தில் எந்த ஆடு எதன் பக்கத்தில் படுக்கிறது என்பதையும் எழுத வேண்டும். ஒரே தாயின் குட்டிகளும் ஒன்றாக வளர்ந்தவையும் வயது முதிர்ந்த பின்னும் உடல் உரசிப் படுப்பது வழக்கம். அவற்றைப் பிரிக்க நேர்ந்தால் எவை ஏங்கும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

எழுதும்போது தீர்ப்பு எழுதாமல் நடந்ததை எழுதுவது நல்லது. "திமிர் பிடித்தது" என்று எழுதினால் அடுத்த முறை அந்தத் திமிரையே கண் தேடும். "தொட்டிக்கு வலப்பக்கம் வந்த இரண்டு ஆடுகளை முட்டித் தள்ளியது; இடப்பக்கம் நின்ற கிழட்டு ஆட்டைத் தொடவில்லை" என்று எழுதினால், அந்த ஆடு யாரை மதிக்கிறது, யாரை விரட்டுகிறது என்ற உறவுமுறை கிடைக்கிறது. குணம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி ஓர் ஆட்டுக்கும் இன்னோர் ஆட்டுக்கும் இடையே இருப்பதுதான்.

தானாக வெளிப்படாத குணங்களை அறிய எளிய சோதனைகள் உண்டு. கவிழ்த்த வாளி, பழைய கூடை என்று ஆடுகள் இதுவரை காணாத ஒரு பொருளைப் பட்டியின் நடுவில் வைத்துவிட்டு விலகி நின்று பார்க்கலாம். ஒன்று நேராக வந்து மோந்து பார்த்து வாயில் கவ்வும். சில, முதல் ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகே வரும். ஒன்றிரண்டு, வேலி ஓரத்தை விட்டு அசையவே அசையாது. மனிதரிடம் உள்ள பயத்தை அறிய, தாழ்வான ஒரு முக்காலியில் கையில் தீவனம் எதுவுமின்றிச் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். யார் வந்து சட்டையை இழுக்கிறார்கள், யார் எட்டி நின்று கழுத்தை மட்டும் நீட்டுகிறார்கள் என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

ஒரு நாள் காண்பதைக் குணம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பருவத்துக்கு வந்த பெட்டை ஆடு ஓயாமல் கத்தும், வாலை ஆட்டும், மற்ற ஆடுகளின் மேல் தாவும், தீவனத்தில் நாட்டம் குறையும். இது ஒன்று அல்லது இரண்டு நாளில் அடங்கி, சினை பிடிக்காவிட்டால் ஏறத்தாழ 21 நாள் இடைவெளியில் திரும்ப வரும். நோட்டில் தேதி போட்டு எழுதியிருந்தால் அந்த ஆடு வாயாடியா, பருவத்தில் இருக்கிறதா என்று குழம்ப வேண்டியதில்லை. சினைக்காலம் சுமார் 150 நாள். அதன் கடைசி வாரங்களில் சாதுவான ஆடும் தனிமையை நாடலாம், மற்றவற்றைக் கிட்டே விடாமல் விரட்டவும் செய்யலாம்.

உடலும் குரலும் சொல்வது

காது, வால், குரல் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும். விலங்கு நடத்தை ஆய்வாளர் எலோடி பிரீஃபரும் அவருடைய சகாக்களும் 2015-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், விரும்பத்தக்க சூழ்நிலையில் உள்ள ஆடுகள் காதுகளை முன்னோக்கி வைப்பதும் வாலைத் தூக்கி வைப்பதும் கூடுதல் என்றும், அப்போது அவை எழுப்பும் குரலின் சுருதி ஏற்ற இறக்கம் குறைந்து சீராக இருக்கிறது என்றும் கண்டார்கள். அன்றாடம் ஆட்டோடு இருப்பவர்களுக்கு இது கண்ணால் கண்ட உண்மைதான். வால் தொங்கிக் காதும் தளர்ந்து நிற்கும் ஆட்டைக் கடந்து போகாதீர்கள். மூக்கால் சட்டென்று சீறுவதும் முன்காலால் தரையைத் தட்டுவதும் எச்சரிக்கை. அந்த ஆடு பார்க்கும் திசையில் நாயோ பாம்போ புதிய ஆளோ இருக்கக்கூடும். முதுகுத்தண்டின் மேல் மயிர் சிலிர்த்து நிற்பது சண்டைக்கோ அச்சத்துக்கோ அறிகுறி. தொங்கு காது கொண்ட இனங்களில் காதின் அடிப்பகுதி எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைக் கவனித்தால் இதே செய்தி கிடைக்கும்.

குரலை வைத்து ஒன்றையொன்று அறிவதில் ஆடுகள் தேர்ந்தவை. தாய் ஆடு தன் குட்டியின் குரலைப் பிறந்த ஒரு வாரத்துக்குள் தெளிவாகப் பிரித்தறியும். பால்குடி மறந்து பிரிந்த பல மாதங்களுக்குப் பிறகும் அந்தக் குரல் அதற்கு நினைவிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. நாமும் முயன்றால், எந்தக் கத்தல் பசிக்கானது, எது தனித்துவிடப்பட்டதற்கானது, எது வலிக்கானது என்று இருட்டில் படுத்தபடியே சொல்லும் அளவுக்குத் தேறிவிடலாம்.

முன்னே போகும் ஆடும் முட்டும் ஆடும்

மந்தையில் இரண்டு விதமான செல்வாக்கு உண்டு. இரண்டும் ஒரே ஆட்டிடம் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஒன்று, முன்னே நடப்பது. பெரும்பாலும் வயது முதிர்ந்த, குட்டிகள் பல ஈன்ற ஒரு பெட்டை ஆடு இந்தப் பொறுப்பை ஏற்கும். புதிய வழி, புதிய தழை, ஓடைக்கரை என்று எதுவாயினும் அது நடந்தால் மற்றவை நடக்கும். அது நின்றால் எல்லாம் நிற்கும். இந்த ஆட்டை அடையாளம் கண்டு, கூப்பிட்டால் வருமாறு அதை மட்டும் பழக்கிவிட்டால் மந்தை முழுவதையும் கூட்டிக்கொண்டு போகும் வேலை எளிதாகிவிடும். பின்னாலிருந்து விரட்டிப் போகும் மந்தைக்கும், முன்னோடியின் பின்னால் தானாக வரும் மந்தைக்கும் மாலையில் தெரியும் களைப்பே வேறு.

மற்றொன்று, முட்டி இடம்பிடிப்பது. தீவனம், நிழல், மேடு, உப்புக்கட்டி என்று நல்லதெல்லாம் யாருக்கு முதலில் என்பதை இந்த வரிசை முடிவு செய்கிறது. வயது, உடல் பருமன், கொம்பு ஆகியவை இதில் பெரும் பங்கு வகிக்கின்றன. கொம்புள்ள ஆடு கொம்பில்லாததை எளிதில் அடக்கிவிடும். வரிசை நிலைத்துவிட்ட மந்தையில் சண்டை அதிகம் இராது. மேல் நிலையில் உள்ள ஆடு தலையை ஓர் அங்குலம் தாழ்த்தினாலே கீழ்நிலை ஆடு விலகிவிடும். நமக்கு எதுவுமே நடக்காதது போல் தோன்றும் அந்தக் கணத்தில் ஓர் ஆடு தன் உணவை இழந்திருக்கும். சண்டை சத்தம் இல்லை என்பதற்காக எல்லாம் சரியாக இருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம்.

எங்கள் கொட்டிலில் உள்ள ஒரு கறுப்புப் பெட்டை ஆட்டை இதற்குச் சான்றாகச் சொல்லலாம். மந்தையில் அதற்குக் கடைசி இடம். தானியம், பிண்ணாக்கு போன்ற அடர்தீவனம் வைத்தவுடன் அது தொட்டிக்கு வராது. மூலைத் தூணுக்கு அருகே, ஒரு காலைச் சற்றுத் தூக்கி வைத்தபடி நிற்கும். தலைமை ஆடு வாயை நிறைத்துக்கொண்டு மெல்லுவதற்காகத் தலையை உயர்த்தும் நொடியில், இது கழுத்தை மட்டும் நீட்டி ஒரு வாய் அள்ளிக்கொண்டு மூன்றடி பின்வாங்கும். பின்வாங்கிய வேகத்தில் பாதி கீழே சிந்தும். மேலோட்டமாகப் பார்ப்பவர்களுக்கு அதுவும் மற்றவற்றோடு சேர்ந்து தின்றதாகவே தோன்றும். அதன் முதுகெலும்பின் மேல் கையை வைத்து அழுத்திப் பார்த்தால்தான், மற்றவற்றுக்குச் சதைப்பிடிப்பு இருக்கும் இடத்தில் இதற்கு எலும்பு முட்டுவது தெரியும். இப்போது அதற்கும் அதன் தோழிக்கும் தடுப்புக்கு அப்பால் தனித் தொட்டி இருக்கிறது. அங்கே அது நின்று நிதானமாகத் தின்கிறது.

குணத்துக்கேற்ற தீவன ஏற்பாடு

கீழ்நிலை ஆட்டைத் தைரியசாலியாக்க முயல்வதைவிட, தைரியம் தேவைப்படாத வகையில் தொட்டியை அமைப்பதே பயன் தரும். ஓர் ஆட்டுக்குத் தொட்டியின் நீளத்தில் குறைந்தது 40 செ.மீ. இடம் வேண்டும், கொம்புள்ள ஆடுகளுக்கு அதைவிடக் கூடுதலாகவே விட வேண்டும். ஆடுகளின் எண்ணிக்கையைக் காட்டிலும் ஒன்றிரண்டு இடங்கள் அதிகமாக இருப்பது நல்லது. ஒரே நீளத் தொட்டியாக வைக்காமல், இரண்டு மூன்று இடங்களில் எட்ட எட்ட வைத்தால் ஒரே ஆடு எல்லாவற்றையும் காவல் காக்க முடியாது. இரண்டு இடங்களுக்கு நடுவே பலகைத் தடுப்பு ஒன்று வைத்தால் பக்கத்து ஆட்டின் முகம் தெரியாது. முகம் தெரியாதபோது விரட்டலும் குறையும். தழையை உயரத்தில் கட்டித் தொங்கவிடுவது ஆட்டின் இயல்புக்கு ஏற்றது, ஏனெனில் குனிந்து புல் மேய்வதைக் காட்டிலும் தலை நிமிர்த்தித் தழை கடிப்பதையே வெள்ளாடு விரும்புகிறது. தண்ணீரையும் ஒரே மூலையில் வைக்காமல் இரண்டு இடங்களில் வைக்க வேண்டும்.

முந்தும் ஆட்டுக்கும் பாதுகாப்பு தேவை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிறர் பங்கையும் சேர்த்துத் தானியத்தை அள்ளி விழுங்கும் ஆட்டுக்கு இரைப்பையில் அமிலம் மிகுந்து உயிருக்கே ஆபத்து வரலாம். குடலில் நச்சு பெருகும் துள்ளுமாரி நோயும் இத்தகைய கொழுத்த, பேராசை மிக்க ஆடுகளையே அதிகம் தாக்குகிறது. எனவே அடர்தீவனம் வைப்பதற்கு முன் உலர்தீவனமோ தழையோ கொடுத்து முதல் பசியைத் தணிக்க வேண்டும். அடர்தீவனம் தின்னும் நேரத்துக்கு மட்டும் கழுத்துத் தடுப்புக்குள் ஒவ்வோர் ஆட்டையும் நிறுத்தி வைக்கும் முறை சிறிய பண்ணைக்கு மிகவும் பொருந்தும். தீவன மூட்டை இருக்கும் அறையின் கதவு எந்த ஆட்டாலும் திறக்க முடியாததாக இருக்க வேண்டும். இதைப் பற்றி அடுத்துச் சொல்லியாக வேண்டும்.

தாழ்ப்பாளைத் திறக்கும் ஆடு

ஒவ்வொரு மந்தையிலும் ஓர் ஆராய்ச்சியாளர் பிறக்கிறார். உதட்டாலும் நாக்காலும் பொருள்களைத் தடவிப் பார்த்து அறியும் இயல்பு வெள்ளாடுகள் அனைத்துக்கும் உண்டு. சிலவற்றுக்கு அது மிகுதி. லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், முதலில் கயிற்றை இழுத்துப் பிறகு நெம்புகோலை உயர்த்தினால் மட்டுமே தின்பண்டம் விழும் பெட்டியை ஆடுகளுக்குக் கொடுத்தார்கள். பெரும்பாலான ஆடுகள் சராசரியாக 12 முயற்சிகளுக்குள் கற்றுக்கொண்டன. 10 மாதம் கழித்து மீண்டும் அந்தப் பெட்டியை வைத்தபோதும் மறக்காமல் திறந்தன. இதிலிருந்து பண்ணையாளர் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் தெளிவானது. ஆடு ஒரு முறை திறந்த தாழ்ப்பாளைச் சரிசெய்து மாட்டுவதில் பயனில்லை. வேறு வகைத் தாழ்ப்பாளாக மாற்ற வேண்டும். நகர்த்தித் திறக்கும் தாழ்ப்பாள், தூக்கித் திறக்கும் கொண்டி ஆகிய இரண்டையும் ஆடு கற்றுவிடும். சங்கிலியும், விரலால் அழுத்தித் திறக்கும் வில்கொக்கியும் சேர்ந்த பூட்டைக் கதவின் வெளிப்பக்கம், வாய் எட்டாத இடத்தில் மாட்டுவது பாதுகாப்பானது.

அந்தக் கூர்மை வீணாகாமல் வேலை கொடுப்பது இன்னும் நல்லது. கறவை மேடையில் தானாக ஏறுவது, கழுத்துக்கயிற்றுக்குத் தலை கொடுப்பது, குளம்பு வெட்டக் காலைத் தூக்கிக் கொடுப்பது ஆகியவற்றை ஒரு கைப்பிடி தீவனத்தைப் பரிசாகக் கொடுத்துப் பழக்கினால் ஆர்வமுள்ள ஆடு ஒரு வாரத்துக்குள் கற்றுக்கொள்ளும். பட்டியில் கல் மேடு, உறுதியான மரக்கட்டை, இரண்டு மூன்று படிகள் கொண்ட பலகை மேடை ஆகியவற்றை அமைத்துக் கொடுத்தால் வேலி மேல் ஏறும் வேலையும் குறையும். மேடைக்கு ஏறுவதற்கும் இறங்குவதற்கும் தனித்தனி வழி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வலுத்த ஆடு வழியை மறித்து நின்றுகொள்ளும்.

ஆடு உங்களையே உற்றுப் பார்த்துவிட்டு ஓரிடத்தைப் பார்த்து, மறுபடியும் உங்களைப் பார்த்தால், அந்த இடத்தைப் போய்ப் பார்த்துவிடுங்கள். கிறிஸ்டியன் நாவ்ரோத், ஆலன் மெக்எலிகாட் உள்ளிட்டோர் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், தன்னால் திறக்க முடியாத பெட்டிக்குள் உணவு இருக்கும்போது ஆடு அருகில் உள்ள மனிதரைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது என்பதும், மனிதர் முதுகைக் காட்டி நின்றால் அவ்வாறு பார்ப்பது குறைகிறது என்பதும் தெரியவந்தன. தண்ணீர்த் தொட்டி காலியாக இருப்பதையும், குட்டி வேலிக்கு வெளியே சிக்கிக்கொண்டதையும் இந்தப் பார்வையாலேயே தெரிந்துகொள்ளலாம்.

மிரளும் ஆட்டை அணுகுவது

1988-இல் டேவிட் லயன்ஸ் முதலியோர் கறவை ஆடுகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வு, மனிதரைக் கண்டு அஞ்சும் அளவில் ஆட்டுக்கு ஆடு உள்ள வேறுபாடு காலப்போக்கிலும் பெரிதாக மாறுவதில்லை என்று காட்டியது. மனிதர் கையால் வளர்க்கப்பட்டவை, தாயிடம் வளர்ந்தவற்றைவிடக் குறைவாக அஞ்சின. ஆகவே மிரளும் ஆட்டை ஒட்டிக்கொள்ளும் ஆடாக மாற்றிவிடலாம் என்று எதிர்பார்க்க வேண்டாம். நம் அருகில் அது அமைதியாக நிற்கும் அளவுக்குக் கொண்டுவந்தால் போதும். அன்றாட வேலைக்கு அதற்கு மேல் தேவையில்லை.

கிடைமட்டமான கண்மணியும் தலையின் பக்கவாட்டில் அமைந்த கண்களும் ஆட்டுக்கு ஏறத்தாழ முழு வட்டத்தையும் பார்க்கும் ஆற்றலைத் தருகின்றன. நேர் பின்புறம் மட்டுமே தெரியாது. அங்கிருந்து வருவது எதுவும் அதற்குப் பகையாகவே படும். பக்கவாட்டிலிருந்து, நேராகக் கண்ணைப் பார்க்காமல், சற்றுக் குனிந்து, பேசிக்கொண்டே மெதுவாக வர வேண்டும். முதலில் தொட வேண்டிய இடம் தோளும் நெஞ்சும். தலை உச்சியைத் தொட்டால் முட்டுவதற்கான அழைப்பாக அது எடுத்துக்கொள்ளும். ஆடு ஓரடி பின்வாங்கினால் நீங்களும் ஓரடி பின்வாங்குங்கள். துரத்திப் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் பல நாள் பழக்கம் வீணாகும். மருந்து புகட்ட வேண்டுமானால் அந்த ஆட்டை மட்டும் பிரித்து இழுக்காமல், தோழியோடு சேர்த்துச் சிறிய அடைப்புக்குள் கொண்டுவந்து செய்வது இருவருக்கும் எளிது. ஊசி போடுபவரும் தீவனம் வைப்பவரும் வெவ்வேறு ஆளாக இருக்க முடிந்தால் மிகவும் நல்லது, ஏனெனில் ஆடு ஆளையும் நினைவில் வைக்கிறது. முகத்தையும் குரலையும் கவனிக்கிறது. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில் சிரித்த முகத்தின் படத்தையும் கோபமான முகத்தின் படத்தையும் அருகருகே வைத்தபோது, ஆடுகள் சிரித்த முகத்தையே முதலில் நாடின.

குட்டியிலேயே உருவாவது

குட்டி ஈன்ற முதல் ஒரு மணி நேரத்தில் தாய் நக்கி, மணத்தை அறிந்து குட்டியை ஏற்றுக்கொள்கிறது. அந்த நேரத்தில் சீம்பால் குடிப்பதை உறுதி செய்வதைத் தவிர வேறு எதற்கும் குறுக்கே போகாமல் இருப்பது நல்லது. முதல் சில நாள்களில் குட்டி ஒளிந்து படுத்துக் கிடப்பது இயல்பு. தாய் மேய்ந்து திரும்பிக் குரல் கொடுக்கும்போது எழுந்து வரும். இதைச் சோம்பல் என்றோ நோய் என்றோ எண்ணிக் குட்டியை ஓயாமல் எழுப்பக் கூடாது. வயிறு நிறைந்திருக்கிறதா, வாய்க்குள் விரல் வைத்தால் சூடாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கலாம். இரண்டாம் நாளிலிருந்து தினமும் சில நிமிடங்கள் கையில் எடுத்து, காதையும் குளம்பையும் வாயையும் தொட்டுப் பழக்கினால் பெரிதான பின் எந்த வேலைக்கும் அது மிரளாது.

கிடாக் குட்டி விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். புட்டிப்பால் குடித்துத் தனியாக வளர்ந்த கிடாக் குட்டி, மனிதரைத் தன் இனமாகவே கருதி வளரும். இரண்டு கிலோ குட்டி நெற்றியால் முட்டுவது பார்க்க இனிமையாக இருக்கும். பிள்ளைகள் உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தள்ளி விளையாடுவார்கள். அறுபது கிலோ கிடாவாக வளர்ந்த பின், இனச்சேர்க்கைப் பருவத்தில் அதே விளையாட்டை அது உண்மையான சண்டையாகத் தொடரும். காலெலும்பை முறிக்கும் வலு அதற்கு இருக்கும். எனவே கிடாக் குட்டியின் தலையை ஒருவரும் தள்ளக் கூடாது என்பதை வீட்டில் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். புட்டிப்பால் கொடுக்க நேர்ந்தாலும் மற்ற குட்டிகளோடு சேர்த்தே வளர்க்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் பெட்டைக் குட்டிகளிடமிருந்து பிரித்துவிடுவதும் அவசியம். அந்த வயதிலேயே சினைப்படுத்தும் திறன் வந்துவிடக்கூடும். வளர்ந்த கிடா பருவ காலத்தில் தன் தாடியிலும் முன்காலிலும் சிறுநீர் பீய்ச்சிக்கொள்வதும், மேலுதட்டைச் சுருட்டி மோப்பம் பிடிப்பதும், உண்ணாமல் மெலிவதும் இயல்பானவை. எவ்வளவு சாதுவான கிடாவாக இருந்தாலும் அந்தக் காலத்தில் அதற்கு முதுகைக் காட்டக் கூடாது.

புதிய ஆட்டைச் சேர்ப்பது

புதிதாக வரும் ஆட்டை முதலில் 30 நாள் தனித்து வைத்து நோய் பார்க்க வேண்டும். தனிமை வெள்ளாட்டுக்குப் பெருந்துன்பம். ஆகவே கூடுமானவரை இரண்டாக வாங்கி இரண்டையும் ஒன்றாக வைப்பதே முறை. அந்தக் காலம் முடிந்தபின் சில நாள்கள் வேலிக்கு இருபுறமும் நிற்கவிட்டு மோந்து பழகச் செய்து, பின் காலை வேளையில், வயிறு நிறைந்த நிலையில், திறந்த வெளியில் சேர்த்துவிட வேண்டும். இரவில் கொட்டிலுக்குள் சேர்ப்பது ஆபத்து, ஏனெனில் தோற்ற ஆடு ஓட இடமிருக்காது.

பின்னங்காலில் எழுந்து நின்று தலையோடு தலை மோதும் சண்டையைக் கண்டு பதற வேண்டாம். வரிசை நிலைபெற அது தேவைப்படுகிறது. ரத்தம் வந்தால், விழுந்த ஆட்டையும் விடாமல் விலாவில் முட்டினால், அல்லது நிறைசினை ஆடு சிக்கிக்கொண்டால் உடனே தடுக்க வேண்டும். கொம்புள்ளவற்றோடு கொம்பில்லாதவற்றைச் சேர்க்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். பழைய ஆடு ஒன்றைச் சில வாரம் பிரித்து வைத்துவிட்டுத் திரும்பச் சேர்க்கும்போதும் இதே சண்டை மீண்டும் நடக்கலாம்.

குணம் மாறினால்

இதுவரை சொன்ன எல்லாக் கவனிப்பும் இந்த ஒன்றுக்காகவே செய்யத் தக்கது. இரை விலங்காகப் பிறந்த ஆடு, நோயை வெளிக்காட்டாமல் மறைக்கப் பார்க்கும். அதன் வழக்கமான நடத்தை தெரிந்தவருக்குத்தான் மாற்றம் தெரியும். முட்டி முந்தும் ஆடு தொட்டியை விட்டு முதலில் விலகினால் அன்றே பாருங்கள். வாயாடி அமைதியானாலும், சாது ஆடு எரிந்து விழுந்தாலும், முதலில் வெளியேறும் ஆடு கடைசியில் வந்தாலும் பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் எளிதில் ஏமாற்றுவது மிரளும் ஆடுதான். என்றும் கைக்குச் சிக்காத ஆடு ஒரு நாள் அசையாமல் நின்று தடவக் கொடுத்தால், பழகிவிட்டது என்று மகிழ்கிறோம். ஓடுவதற்கு அதற்குத் தெம்பில்லை என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். உடனே கீழ் இமையைத் திறந்து நிறம் பாருங்கள். வெளிறியிருந்தால், ரத்தம் உறிஞ்சும் குடற்புழுக்கள் மிகுந்திருக்கக்கூடும்.

அடுத்து உடல் வெப்பத்தைப் பார்க்க வேண்டும், 38.5 முதல் 39.5 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு, வெயில் நேரத்தில் சற்று ஏறலாம். அசை போடுகிறதா, இடப்பக்க வயிறு உப்பி இறுகியிருக்கிறதா, புழுக்கை இயல்பாக உள்ளதா, நடை சரியாக உள்ளதா என்று வரிசையாகப் பாருங்கள். பல்லை நறநறவென்று கடிப்பது வலியின் அடையாளம். இரட்டைக் குட்டிகளைச் சுமக்கும் நிறைசினை ஆடு தீவனத்தை மறுத்து, மந்தையை விட்டு ஒதுங்கி, மந்தமாக நின்றால் அது சினைக்கால நச்சுநோயாக இருக்கலாம். ஒரு நாள் தாமதமும் உயிரைப் பறிக்கும். சுவரில் தலையை அழுத்தி நிற்பது, ஒரே பக்கமாக வட்டமிடுவது, கண் தெரியாதது போல் தடுமாறுவது ஆகியவை மூளை சார்ந்த நோயின் அறிகுறிகள். இவற்றுக்கு வீட்டு வைத்தியம் செய்து காத்திராமல் கால்நடை மருத்துவரை அழைத்துவிட வேண்டும். மருத்துவரிடம் "ஆடு சரியில்லை" என்று சொல்வதைவிட, "தினமும் முதலில் தின்னும் ஆடு, நேற்று மாலை முதல் தொட்டிக்கு வரவில்லை" என்று சொன்னால் அவருக்கு நோயின் தொடக்க நேரமே கிடைத்துவிடுகிறது.

நோட்டை யார் கையில் கொடுப்பது

குணக் குறிப்பு ஒருவர் மனத்தில் மட்டும் இருந்தால், அவர் வெளியூர் போகும் வாரத்தில் அது யாருக்கும் உதவாது. ஆடு ஒன்றுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, பெயர், பிறந்த நாள், தாய், தோழி, தொட்டியில் நிற்கும் இடம், அஞ்சும் பொருள், விரும்பும் தழை, எந்தக் கதவைத் திறக்கத் தெரியும், எப்படிப் பிடிக்க வேண்டும் ஆகியவற்றை எழுதி, கொட்டிலிலேயே நனையாத இடத்தில் தொங்கவிடுங்கள். எந்தக் குட்டியைப் பண்ணைக்கு வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யும் நேரத்திலும் அந்தப் பக்கங்களைப் புரட்டுங்கள். பாலும் எடையும் ஒத்திருந்தால், குட்டியை மறுக்காத, கறவையில் உதைக்காத தாயின் வழியைத் தேர்ந்தெடுப்பது சிறு பண்ணைக்கு நல்லது. ஆட்டை வேறொருவருக்குக் கொடுக்கும்போது தடுப்பூசி விவரத்தோடு அந்தப் பக்கத்தின் பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள். வாங்குபவர் முதல் இரவே எந்தக் கதவுக்குக் கொக்கி மாட்ட வேண்டும் என்று தெரிந்துகொள்வார்.